அண்ணாச்சி பதில்கள்: சொத்து அறிக்கையில் தப்பு விழுந்துவிட்டால்

போன இதழில், அரசு ஊழியர் சொத்து அறிக்கை கொடுப்பது பற்றி ஒரு தம்பிக்கு நாலு வரியில் பதில் எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன: கொடுத்த அறிக்கையில் தப்பு இருக்கிறது, இப்போது என்ன செய்ய? பெயரும் அலுவலகமும் போட வேண்டாம் என்று எல்லோருமே கேட்டிருக்கிறார்கள், போடவில்லை. அரசு அலுவலகங்களில் முப்பத்தொரு வருஷம் இருந்து, அதில் ஒன்பது வருஷம் ஏ-1 சீட்டில் உட்கார்ந்து ஊழியர் கோப்புகளைப் பார்த்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். இந்த இதழ் முழுக்க இதுவே இருக்கட்டும்.

பாளையங்கோட்டை, ஓர் உதவியாளர்: அண்ணாச்சி, சேரன்மகாதேவி பக்கம் கன்னடியன் கால் என்ற வாய்க்கால் பாசனத்தில் அப்பா வழியில் எனக்கு நஞ்சை உண்டு. 2014-ல் கொடுத்த அறிக்கையில் 54 செண்ட் என்று எழுதிவிட்டேன். சரியான அளவு 45 செண்ட்தான், பட்டாவில் 0.18.50 என்று இருக்கிறது. 2019 அறிக்கையில் 45 என்று சரியாக எழுதினேன், பழையதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இப்போது பதவி உயர்வுப் பட்டியல் தயாராகிறது. பழைய தாளை வாங்கி 54-ஐ அடித்து 45 என்று எழுதிவிடலாமா? பிரிவில் இருப்பவர் பழக்கமானவர்தான்.

தம்பி, அந்தத் தாளைத் தொடவே தொடாதீர்கள். பிரிவில் இருப்பவர் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் சரி, அவரே எடுத்து நீட்டினாலும் சரி.

முதலில் இந்தப் பிழை வெளியாள் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று பாருங்கள். உங்களுக்கு அது 4-ம் 5-ம் இடம் மாறிய கைப்பிழை. உங்களைத் தெரியாத ஒருவர் இரண்டு அறிக்கைகளையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் 2014-ல் 54, 2019-ல் 45, நடுவில் 9 செண்ட் காணோம் என்றுதான் கணக்குப் போடுவார். கன்னடியன் கால் நஞ்சையில் 9 செண்டை விற்றிருக்கிறார், துறைக்குத் தெரிவிக்கவில்லை என்று எழுதுவார். தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1973-ல் 7-வது விதி இதற்காகத்தான் இருக்கிறது. நிலம் வாங்கினாலும் விற்றாலும் தானமாகக் கொடுத்தாலும் உரிய அதிகாரிக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆக, எழுத்துப் பிழை ஒன்று தெரிவிக்காத விற்பனையாக உருமாறி நிற்கிறது. நீங்கள் திருத்த வேண்டியது எண்ணை மட்டுமல்ல, அந்த எண் சொல்லும் கதையையும்தான்.

அடித்து எழுதுவது ஏன் கூடாது என்பதற்கு நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். ஒருவருடைய அறிக்கையில் வீட்டு மனையின் மதிப்பு 1,80,000 என்று இருந்தது. அந்த 1 மட்டும் கொஞ்சம் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது, விரலால் தடவினால் சொரசொரப்பு. தாளை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் ஒயிட்னருக்கு அடியில் 3 தெரிந்தது, பின்பக்கம் திருப்பினால் பந்துமுனைப் பேனா அழுத்திய தடம் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. விசாரித்தபோது அவருடைய மனையின் உண்மையான விலை 1,80,000-தான் என்று கிரயப் பத்திரமே சொன்னது! அதாவது அவர் பொய்யை எழுதவில்லை, உண்மையைத்தான் எழுதினார், ஆனால் அரசுக் கோப்பில் இருந்த ஆவணத்தைத் திருத்தி எழுதினார். 17(ஆ) குறிப்பாணை, அதாவது பெரிய தண்டனைக்கான குற்றச்சாட்டுக் கடிதம், வந்தது சொத்துக்காக அல்ல, ஒயிட்னருக்காக. ஒரு கடிதத்தில் முடிந்திருக்க வேண்டிய விஷயம். அந்த மனிதர் அந்த இரண்டு வருஷம் பட்ட பாட்டைப் பக்கத்து நாற்காலியில் இருந்து பார்த்தவன் நான், இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

சரி, என்ன செய்ய வேண்டும்? ஒரு கடிதம், உரிய வழியாக. அலுவலகக் கடிதம் எழுதத் தெரியாதவர் இல்லை நீங்கள், ஆனாலும் வாசகங்கள் முக்கியம் என்பதால் எழுதிக் காட்டுகிறேன்.

"பொருள்: சொத்து அறிக்கை – 2014-ஆம் ஆண்டு அளித்தது – நில அளவில் எழுத்துப் பிழை – திருத்தம் அளித்தல் – தொடர்பாக. பார்வையில் கண்ட என் அறிக்கையின் வரிசை எண் 2-ல் நஞ்சை நிலத்தின் பரப்பு 54 செண்ட் எனக் குறிப்பிட்டிருந்தேன். பட்டாவின்படி சரியான பரப்பு 0.18.50 ஹெக்டேர், அதாவது சுமார் 45.7 செண்ட். இந்த நிலத்தில் எந்தப் பகுதியையும் நான் இதுவரை விற்கவோ தானமளிக்கவோ இல்லை. பழைய நகலை ஒப்பிட்டுப் பார்த்தபோது இப்பிழையை நானே கண்டறிந்தேன். இக்கடிதத்தை 2014 அறிக்கையுடன் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டுகிறேன்."

இதில் உயிரான வரி "விற்கவோ தானமளிக்கவோ இல்லை" என்பது. அதை விட்டுவிட்டு "45 என்று திருத்தி வாசிக்கவும்" என்று மட்டும் எழுதினால் பாதி வேலைதான் நடந்திருக்கும். அந்த வரிக்குச் சான்றாகப் பட்டா நகலோடு வில்லங்கச் சான்றும் வையுங்கள், 2014-க்கு இரண்டு மூன்று வருஷம் முந்தியே தொடங்கி இன்று வரைக்கும் போட்டு வாங்குங்கள். பதிவான விற்பனை எதுவும் இல்லை என்று அதுவே பேசும். சரியாகத் திருத்திய பட்டியல் ஒன்றைப் புதிய தாளில் எழுதி, மேலே "திருத்திய அறிக்கை" என்று போட்டு, இன்றைய தேதியிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பழைய தேதி போட்டால் அதுவே அடுத்த வம்பு.

கடிதம் கொடுக்கும்போது இரண்டாவது நகலில் தபால் பிரிவின் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். மேல் அலுவலகத்துக்கு நேரே ஒரு நகல் போகிறதென்றால் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதை அந்த நகலோடு ஊசி போட்டு வையுங்கள். அப்புறம் ந.க. எண், அதாவது அந்தக் கடிதத்துக்கு அலுவலகம் போடும் பதிவு எண், என்ன என்று கேட்டு அதில் எழுதிவையுங்கள். பத்து வருஷம் கழித்து அந்தப் பிரிவில் உங்களுக்குப் பழக்கமானவர் யாரும் இருக்க மாட்டார்கள். அந்தத் தாள் இருக்கும்.

பட்டியல் தயாராகும் நேரத்தில் எழுதினால் சந்தேகம் வருமே என்று நினைப்பீர்கள். யாரோ கேட்டு நீங்கள் பதில் சொல்வதற்கும், கேட்காமலே நீங்கள் எழுதுவதற்கும் கோப்பில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். இந்த வாரமே கொடுங்கள்.

அம்பாசமுத்திரம், அரசுப் பள்ளி ஆசிரியை: 2006-ல் கல்யாணம், அம்மா வீட்டில் 40 பவுன் போட்டார்கள். 2008-ல் வேலைக்குச் சேர்ந்தபோது கொடுத்த அறிக்கையில் நகையைக் காட்டவே இல்லை, அது என் நகைதானே, அரசாங்கத்துக்கு என்ன என்று நினைத்துவிட்டேன். இப்போது எழுதினால் "இத்தனை பவுன் இப்போது எங்கிருந்து வந்தது" என்று கேட்பார்களோ என்று பயமாக இருக்கிறது. எழுதாமல் விட்டால் என்ன?

டீச்சர், உங்கள் பயம் எனக்குப் புரிகிறது, ஆனால் பயம் தவறான பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது. எழுதுவதால் வரும் கேள்வியைவிட எழுதாமல் இருப்பதால் வரும் கேள்விதான் கடினம்.

வருமானத்துக்கு மீறிய சொத்து என்று ஒரு வழக்கு வந்தால், ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்புத் துறை கணக்கை எப்படிப் போடுகிறது தெரியுமா? முதலில் ஒரு காலத்தை எடுத்துக்கொள்வார்கள், இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை என்று. அந்தக் காலம் தொடங்கும்போது கையில் என்ன இருந்தது, முடியும்போது என்ன இருக்கிறது, நடுவில் சம்பளமும் மற்ற வரவும் எவ்வளவு, செலவு எவ்வளவு. வரவில் செலவு போக மிச்சம் இவ்வளவுதான் இருந்திருக்க முடியும், ஆனால் கூடிய சொத்து இவ்வளவு என்று காட்டி, கூடுதலாக இருப்பதற்குக் கணக்குக் கேட்பார்கள். முன்னாள் முதல்வர் ஜெயலலிதா மீதான வழக்கில் அப்படி எடுத்துக்கொண்ட காலம் 1991 ஜூலை 1 முதல் 1996 ஏப்ரல் 30 வரை. பெரிய வழக்கோ சின்ன வழக்கோ, முறை ஒன்றுதான்.

இப்போது உங்கள் 40 பவுனை இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். 2008 அறிக்கையில் நகை இல்லை. நாளைக்கு உங்கள் பீரோவில் 40 பவுன் இருக்கிறது. அப்படியானால் கணக்குப்படி அந்த 40 பவுனும் 2008-க்குப் பிறகு வாங்கியது! அம்மா போட்ட நகை, உங்கள் சம்பளத்தில் நீங்கள் வாங்கிய நகையாக மாறி, உங்கள் வரவோடு மோதும். வேலைக்கு வரும்போது கொண்டுவந்ததைக் காட்டாமல் விடுவது நமக்கு நாமே குழி பறிப்பது. நிறையப் பேர் இதைத் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள், காட்டாதது பத்திரம் என்று நினைக்கிறார்கள். தொடக்கத்தில் இருந்ததைக் காட்டுவதுதான் உங்களுக்குப் பாதுகாப்பு.

ஆகவே எழுதுங்கள். 2008 அறிக்கையில் விடுபட்டது, 2006-ல் திருமணத்தின்போது தாய் வீட்டார் தந்தது, எடை இவ்வளவு, அந்தக் காலத்து மதிப்பு சுமார் இவ்வளவு என்று எழுதுங்கள். இன்றைய பவுன் விலையைப் போட்டுக் கணக்கை ஊதிப் பெருக்காதீர்கள். இன்றைய மதிப்பைப் படிவம் கேட்டால் தனியாகக் காட்டுங்கள்.

சான்றுக்கு என்ன செய்வது? கல்யாணத்துக்கு வாங்கிய நகைக்கு ரசீது எடுத்து வைத்திருக்கிற குடும்பம் குறைவு. ஆனால் நம் பக்கத்தில் ஒரு நல்ல சாட்சி பல வீடுகளில் இருக்கும். பிசான நெல் நடவுக்குக் கை இறுக்கமான வருஷம் கூட்டுறவு வங்கியிலோ வேறு வங்கியிலோ நகையை அடகு வைத்திருப்பீர்கள், அந்தச் சீட்டில் ஒவ்வொரு உருப்படியும் பெயரோடு இருக்கும், இரட்டைவடச் சங்கிலி ஒன்று, வளையல் நாலு, எடை இவ்வளவு கிராம், தேதி இது என்று. 2007 அல்லது 2008 தேதியில் அப்படி ஒரு சீட்டு கிடைத்தால் அது தங்கத்தைவிடப் பெரிது. திருட்டுப் பயத்தில் நகையை லாக்கரில் வைத்திருந்தால் லாக்கர் எடுத்த தேதி, அப்புறம் கல்யாண ஆல்பம். அம்மா இருக்கிறார்கள் என்றால் அவர்கள் கையால் ஒரு உறுதிமொழிக் கடிதம், அவர்களுக்கு அந்த நகை எப்படி வந்தது என்பதும் சேர்த்து.

ஒரு சட்ட விஷயமும் சொல்லிவிடுகிறேன். 1988-ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டத்தில், வருமானம் என்று கணக்கில் கொள்ள அது சட்டப்படி வந்ததாக இருந்தால் மட்டும் போதாது, விதிப்படி தெரிவிக்கப்பட்டதாகவும் இருக்க வேண்டும் என்று முன்பு இருந்தது. 2018 திருத்தத்தில் அந்தத் தெரிவிக்கும் நிபந்தனை அந்த விளக்கத்திலிருந்து போய்விட்டது, சட்டப்படியான எந்த வழியிலிருந்து வந்தாலும் வருமானம்தான். ஆனால் இதை வைத்து யாராவது "இனிமேல் தெரிவிக்க வேண்டாம்" என்று சொன்னால் நம்பாதீர்கள். நடத்தை விதி அப்படியே இருக்கிறது, அதை மீறினால் துறை நடவடிக்கை தனி. அதேபோல, கூடுதல் 10 சதவீதத்துக்குள் இருந்தால் பயமில்லை என்று ஒரு பேச்சு உண்டு, கிருஷ்ணானந்த் அக்னிஹோத்ரி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு ஊழியருக்குக் கொடுத்த சலுகை அது. வழக்கு நடக்கும்போது வக்கீல் சொல்ல வேண்டிய வாதம். அறிக்கை எழுதும்போது நாம் பிடித்துக்கொள்ள வேண்டிய கொம்பு அல்ல.

சங்கரன்கோவில், ஒரு வாசகர்: பழைய அறிக்கைகளில் எல்லாம் நிலம் "திருநெல்வேலி மாவட்டம்" என்று எழுதியிருக்கிறேன். இப்போது தென்காசி மாவட்டம். எல்லாவற்றையும் திருத்த வேண்டுமா?

வேண்டாம். தென்காசி மாவட்டம் பிரிந்தது 2019 நவம்பரில், அதற்கு முந்தைய தேதியில் நீங்கள் எழுதியது அன்றைக்குச் சரி. அடுத்த அறிக்கையில் புது மாவட்டத்தை எழுதி, குறிப்பு என்ற இடத்தில் "முன்பு திருநெல்வேலி மாவட்டம்" என்று போடுங்கள், இரண்டு நிலம் என்று யாரும் எண்ண மாட்டார்கள். 1986-ல் தூத்துக்குடி பிரிந்தபோது ஸ்ரீவைகுண்டம் பக்கத்துக்காரர்களுக்கும் இதே குழப்பம்தான். புல எண் உட்பிரிவு ஆகியிருந்தால் மட்டும் கொஞ்சம் கவனமாக இருங்கள், பழைய எண்ணையும் புதிய எண்ணையும் சேர்த்தே எழுதுங்கள். தாத்தா காலத்துப் பத்திரத்தில் பரப்பு "கோட்டை விதைப்பாடு" என்று இருந்தால் நீங்களே செண்டாக மாற்றிக் கணக்குப் போடாதீர்கள், பட்டாவில் இருக்கும் ஹெக்டேர் அளவை அப்படியே எழுதுங்கள்.

கல்லிடைக்குறிச்சி, அஞ்சலக உதவியாளர்: போன தீபாவளிக்கு ஒரு பழைய கார் வாங்கினேன், மூன்றரை லட்சம். துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதே மறந்துபோச்சு. நான் சி பிரிவு ஊழியன், வருடாந்திர அறிக்கை எனக்கு இல்லை. இதை அப்படியே விட்டுவிடலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள்.

நண்பர்கள் இரண்டு விஷயத்தைப் போட்டுக் குழப்புகிறார்கள். மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1964-ல் 18-வது விதி இருக்கிறது. அசையாச் சொத்துக்கு டிசம்பர் 31 நிலவரப்படி ஜனவரி 31-க்குள் வருடாவருடம் கொடுக்கும் அறிக்கை ஏ, பி பிரிவுக்காரர்களுக்கு. ஆனால் அதே விதியில் அசையும் சொத்துக்கு ஒரு பகுதி உண்டு. வாங்கிய பொருளின் மதிப்பு உங்கள் இரண்டு மாத அடிப்படைச் சம்பளத்தைத் தாண்டினால் ஒரு மாதத்துக்குள் தெரிவிக்க வேண்டும், இது எல்லாப் பிரிவுக்கும்தான். விற்றவர் உங்கள் வேலையோடு கொடுக்கல் வாங்கல் உள்ளவராக இருந்தால் தெரிவித்தால் போதாது, முன் அனுமதியே வாங்கியிருக்க வேண்டும். அது இல்லை என்று நினைக்கிறேன்.

இனி வாங்கிய தேதியை முன்னே பின்னே தள்ளும் வேலையே வேண்டாம், ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாற்றிய தேதி இருக்கிறது. "இந்தத் தேதியில் வாங்கினேன், விலை இவ்வளவு, பணம் வந்த வழி இது, ஒரு மாதத்துக்குள் தெரிவிக்கத் தவறிவிட்டேன், தாமதத்தைப் பொறுத்தருள வேண்டுகிறேன்" என்று படிவத்தோடு ஒரு கடிதம். மறதிக்குக் காரணம் தேடி உடம்பு சரியில்லை, மாமனார் தவறிவிட்டார் என்றெல்லாம் எழுதாதீர்கள். மறந்தது மறந்ததுதான், அதை எழுதுவதில் கேவலம் ஒன்றும் இல்லை. எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வரலாம். வாங்கிக்கொள்ளுங்கள்.

வீரவநல்லூர், மத்திய அரசில் பி பிரிவு அதிகாரி: நிலத்தின் ஆண்டு வருமானம் என்ற இடத்தில் வருடாவருடம் "இல்லை" என்றே எழுதிவந்தேன். விவசாய வருமானத்துக்கு வரி இல்லையே என்ற எண்ணம். உண்மையில் நிலம் குத்தகைக்கு விட்டிருக்கிறேன்.

வரி இல்லை என்பதும் வருமானம் இல்லை என்பதும் வேறு வேறு. விவசாய வருமானத்துக்கு மத்திய அரசின் வருமான வரி கிடையாது, ஆனால் அறிக்கை கேட்பது வரியை அல்ல, நிலம் உங்களுக்கு என்ன தருகிறது என்பதை. நாளைக்கு நீங்கள் ஒரு மனை வாங்கி, "குத்தகை வரவைச் சேர்த்து வைத்து வாங்கினேன்" என்று சொன்னால், உங்கள் கையெழுத்திலேயே வருஷக்கணக்கில் "இல்லை, இல்லை" என்று இருக்கும். எந்த வரவை வைத்து உங்களைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டுமோ அந்த வரவை நீங்களே மறுத்து எழுதி வைத்திருக்கிறீர்கள்.

குத்தகை நெல்லாக வருகிறதா பணமாக வருகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. நெல்லாக என்றால், கார் பருவத்தில் எவ்வளவு, பிசானப் பருவத்தில் எவ்வளவு என்று வருஷ வாரியாகப் பிரித்து, அந்த வருஷம் விற்ற விலையைப் போட்டு ஒரு அட்டவணை தயார் செய்யுங்கள். கார் பருவத்துக்குத் தண்ணீர் வராத வருஷம் பூஜ்யம் என்றே போடுங்கள், அது அட்டவணையின் நம்பகத்தைக் கூட்டும், எல்லா வருஷமும் ஒரே அளவு விளைந்ததாக எழுதினால் தாமிரபரணியைப் பார்த்த யாரும் நம்ப மாட்டார்கள். குத்தகைதாரரிடம் ஒரு கையெழுத்து வாங்குங்கள். பழைய அறிக்கைகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கடிதம் வேண்டாம், எல்லாவற்றையும் குறிப்பிட்டு ஒரே கடிதம், ஒரே அட்டவணை. நிலத்தின் மதிப்பைத் துல்லியமாகச் சொல்ல முடியாவிட்டால் இன்றைய நிலவரத்தை ஒட்டித் தோராயமாகச் சொல்லலாம் என்று அந்தப் படிவத்திலேயே அடிக்குறிப்பு இருக்கிறது. தோராயம் என்றால் தோராயம் என்று எழுதிவிடுங்கள், பின்னால் அது பிழை ஆகாது.

மேலப்பாளையம், ஒரு கணக்காளர்: பட்டியலில் எல்லா எண்களும் சரி, கடைசியில் மொத்தம் போட்டதில் மட்டும் கூட்டல் பிழை. இதற்கும் கடிதமா?

இதற்கும்தான். கூட்டல்தானே என்று விடக்கூடாது. மேலே சொன்ன ஜெயலலிதா வழக்கில் 2015 மே மாதம் கர்நாடக உயர் நீதிமன்றம் விடுதலை செய்தபோது வருமானத்துக்கு மீறியது 8.12 சதவீதம் என்று கணக்கிட்டது. கடன் தொகைகளைக் கூட்டியதில், 10 கோடியே 67 லட்சம் வர வேண்டிய இடத்தில் 24 கோடியே 17 லட்சம் என்று வந்திருந்தது. அது மேல்முறையீட்டில் பெரிய வாதமாகி, 2017 பிப்ரவரி 14-ல் உச்ச நீதிமன்றம் விசாரணை நீதிமன்றத்தின் தீர்ப்பையே நிலைநிறுத்தியது. நீதிபதி போட்ட கணக்கிலேயே அப்படி என்றால் நம் கணக்கை நாம் இரண்டு தரம் கூட்டிப் பார்க்க வேண்டாமா? இரண்டு வரிக் கடிதம் போதும்.

நாங்குநேரி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்: அமெரிக்காவில் பெரிய நீதிபதிகளே கொடுத்த சொத்து அறிக்கையைப் பின்னால் திருத்துகிறார்கள் என்று படித்தேன். அது அங்கே குற்றம் இல்லையா?

திருத்துவது அங்கே முறைக்குள்ளேயே இருக்கிறது ஐயா. வாட்டர்கேட் விவகாரத்துக்குப் பிறகு 1978-ல் அரசு நெறிமுறைச் சட்டம் என்று ஒன்று கொண்டுவந்தார்கள். நிர்வாகத் துறையின் உயர் அதிகாரிகள் 278இ என்ற படிவத்தில் ஆண்டுதோறும் மே 15-க்குள் அறிக்கை தர வேண்டும். அதை வாங்கி அலமாரியில் வைப்பதில்லை, நெறிமுறை அலுவலர் ஒருவர் 60 நாளுக்குள் படித்துப் பார்க்க வேண்டும், சந்தேகம் இருந்தால் கேட்பார், கொடுத்தவர் விவரத்தைச் சேர்ப்பார், அதன் பிறகுதான் சரி என்று கையெழுத்து. 30 நாளுக்கு மேல் தாமதமானால் 200 டாலர் கட்ட வேண்டும். 2012-ல் வந்த சட்டப்படி, 1,000 டாலருக்கு மேல் பங்கு வாங்கினாலும் விற்றாலும் அதிகபட்சம் 45 நாளுக்குள் சொல்லிவிட வேண்டும்.

நீங்கள் படித்தது உச்ச நீதிமன்ற நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் பற்றியதாக இருக்கும். மனைவியின் வேலை, சம்பளம் வந்த இடம் ஆகியவை பல வருஷ அறிக்கைகளில் விடுபட்டதைச் சுட்டிக்காட்டியபோது, 2011 ஜனவரியில் பழைய அறிக்கைகளைத் திருத்திக் கொடுத்தார், படிவத்தின் அறிவுரையைத் தவறாகப் புரிந்துகொண்டேன் என்றார். 2024-ல் வெளியான அறிக்கையிலும் 2019-ல் நடந்த இரண்டு பயணங்களின் விவரத்தைச் சேர்த்தார். அங்கே அதைப் பற்றிக் கடுமையான விமர்சனம் எழுந்தது, இன்றும் இருக்கிறது. என் கருத்தைக் கேட்டால், வெளியாட்கள் எழுதிய பிறகு வரும் திருத்தத்துக்கு மதிப்புக் குறைவுதான். ஆனாலும் பழைய அறிக்கையும் புதிய திருத்தமும் மக்கள் பார்க்கும்படி இருப்பது பெரிய விஷயம். நம் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் சொத்து விவரத்தைத் தலைமை நீதிபதியிடம் தருவது என்று 1997-லேயே தீர்மானித்தார்கள், விரும்பியவர்களின் விவரம் 2009-ல் இணையதளத்தில் ஏறியது, நடுவில் நின்றுபோய், 2025 மே மாதத்தில் மறுபடியும் எல்லோரும் பார்க்கும்படி ஏறியது. நல்லது நடந்திருக்கிறது, தாமதமாக.

மானூர், ஒரு விவசாயி: எங்கள் பகுதியில் வேலை பார்த்த ஓர் அதிகாரியின் சொத்து அறிக்கையைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டேன். தனிப்பட்ட தகவல் என்று மறுத்துவிட்டார்கள். சரிதானா?

2012 அக்டோபரில் கிரீஷ் ராமச்சந்திர தேஷ்பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம், ஊழியரின் சொத்து விவரம் தனிப்பட்ட தகவல், பெரிய பொதுநலன் இருந்தால்தான் தரலாம் என்று சொன்னது. அதை வைத்துத்தான் மறுத்து வந்திருக்கிறார்கள். ஆனால் ஐஏஎஸ் அதிகாரிகளின் அசையாச் சொத்து விவரம் மத்திய பணியாளர் துறையின் இணையதளத்தில் வெளியிடப்பட்டு வந்திருக்கிறது. ஜில்லாவை ஆளும் கலெக்டரின் வீட்டையும் மனையையும் பார்க்கலாம், உங்கள் மனுவில் தினம் கையெழுத்துப் போடுகிறவருடையதைப் பார்க்க முடியாது என்பது எனக்கு ஒப்பவில்லை. உங்களிடம் முறைகேட்டுக்கான ஆதாரம் இருந்தால் அறிக்கையைத் தேடி அலையாமல், ஆதாரத்தோடு ஊழல் தடுப்புத் துறைக்கே எழுதுங்கள். அறிக்கையை வரவழைத்துப் பார்க்கும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு.

திசையன்விளை, ஓய்வுக்கு எட்டு மாதம் உள்ளவர்: மனைவி வங்கி ஊழியர். 2011-ல் தன் சம்பளத்திலும் தன் பெயரில் எடுத்த வீட்டுக் கடனிலும் வீடு கட்டினாள். அவளுடையது என்று நான் அறிக்கையில் காட்டவில்லை. எட்டு மாதம்தானே, யாரும் கேட்கவில்லை, இப்படியே போய்விடலாமா அண்ணாச்சி?

உங்களுக்கு என் கதையைச் சொல்கிறேன். அப்பா இறந்த பிறகு மூலைக்கரைப்பட்டிப் பக்கம் உடைமரம் நிற்கிற ஒரு புஞ்சையில் எனக்கு 7 செண்ட் பங்கு வந்தது. விளையாத நிலம், அண்ணன் தம்பிகள் யாரும் எட்டிக்கூடப் பார்த்ததில்லை, எனக்கும் அது ஒரு சொத்தாகத் தோன்றவில்லை. இரண்டு அறிக்கைகளில் அது இல்லை. ஏ-1 சீட்டுக்கு வந்து மற்றவர்கள் அறிக்கையைச் சரிபார்க்க ஆரம்பித்த முதல் மாதமே ராத்திரி தூக்கம் வரவில்லை. மற்றவர் தாளில் பிழை பார்க்கிற கை, தன் தாளில் இருப்பதை விட்டுவைக்கலாமா? எழுதிக் கொடுத்தேன். அதிகாரி கூப்பிட்டு, "ஏன் முன்னாடியே சொல்லலை?" என்று கேட்டார், "சொத்தாகவே நினைக்கவில்லை சார், அது தப்பு" என்றேன். கோப்பில் சேர்க்கச் சொல்லி இனிஷியல் போட்டார். அவ்வளவுதான் நடந்தது. அன்றைக்கு ராத்திரி தூங்கினேன்.

உங்கள் விஷயம் என்னுடையதைவிடச் சுத்தமானது. மனைவி தன் சொந்தப் பணத்தில் தன் பெயரில் வாங்கும் சொத்துக்குக் கணவர் முன்கூட்டித் தெரிவிக்க வேண்டியதில்லை என்று மத்திய விதிகளில் தெளிவாகவே விளக்கம் உண்டு. மாநில ஊழியரோ மத்திய ஊழியரோ என்று நீங்கள் எழுதவில்லை, எதுவானாலும் உங்கள் படிவத்தில் குடும்ப உறுப்பினர் பெயரில் உள்ள சொத்தைக் கேட்டிருந்தால் காட்டுங்கள், "மனைவியின் சொந்த வருமானத்திலும் அவர் பெயரில் பெற்ற கடனிலும் கட்டப்பட்டது, என் பணம் இதில் இல்லை" என்ற வரியோடு. அந்த வரி முழு உண்மையாக இருக்க வேண்டும். சிமெண்டுக்கோ கம்பிக்கோ உங்கள் கணக்கிலிருந்து ஒரு லட்சம் போயிருந்தால் அந்த ஒரு லட்சத்தையும் எழுதிவிடுங்கள், எழுதினால் அது கணவன் மனைவிக்குக் கொடுத்த பணம், எழுதாமல் பின்னால் பாஸ்புக்கில் அகப்பட்டால் மொத்த வரியும் பொய்யாகிவிடும்.

ஓய்வு பெற்ற பிறகு பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள். பென்ஷன் கோப்பு நகரும்போது நிலுவைக் கேள்விகள் ஒன்றும் இருக்கக் கூடாது. உங்கள் மனைவியின் 2009 முதல் 2012 வரையிலான சம்பளச் சான்று, கடன் அனுமதிக் கடிதம், தவணை கட்டிய கணக்கு, இந்த மூன்றும் வேண்டும். பழைய கணக்கு விவரத்தை வங்கியில் தேடி எடுக்க வாரக்கணக்கில் ஆகும், அதனால் அந்த விண்ணப்பத்தை இந்த வாரமே கொடுக்கச் சொல்லுங்கள், அது கையில் வரும் வரை காத்திருக்காமல் கடிதத்தை இப்போதே கொடுத்து, "சான்றுகள் பின்னர் சமர்ப்பிக்கப்படும்" என்று கடைசி வரியில் எழுதிவிடுங்கள்.